ஒருத்தர் உயிரோட இருக்கார்

ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் மாடி அறையில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். கால் வைக்க இடமில்லாமல் அறை முழுக்க வெள்ளைத் துணி. எதிரும் புதிருமாக இரண்டு மெஷின்கள். ஒன்றில் அண்ணி, மற்றதில் சின்னவள். ஜன்னலோரத்து ஸ்டூலில் நான். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் வேலை. தெருவில் எனக்குப் பட்டன் அக்கா என்றே பெயர்.

அண்ணி அந்த வீட்டு மருமகள், சின்னவள் அந்த வீட்டுப் பெண். சின்னவள் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வயதில் மூத்த எனக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கீழே மெக்கானிக்கின் பட்டறை. அவர் சின்னவளின் அப்பா. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டினான். மருமகன் அதே ஹெலிகாப்டரில் பக்கத்து இருக்கைக்காரன். ஆக, அண்ணியின் புருஷனும் சின்னவளின் புருஷனும் போனது ஒரே வண்டியில்.

அன்றைக்கு மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துக் குனிந்து, "ஐயா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்று கேட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வந்து நின்றார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஜீப் போன பிறகு மெக்கானிக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கிரீஸ் போய், நுரையும் போய், வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு மேலே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி விழுந்திடுச்சாம்மா."

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

"எந்த வண்டி மாமா?" என்றாள் அண்ணி.

"நம்ம வண்டிதான். எல்லைக்கு அந்தாண்ட விழுந்திருக்கு. ஆளுங்களைப் பத்தி ஒன்னும் தெரியலையாம்."

சின்னவளின் கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. துணி முடிந்த பிறகும் ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. நான் எழுந்துபோய் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

மெக்கானிக்கின் மகனான பைலட்டை அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் அவன் என்றே சொல்கிறேன், தெருவே அவனை மரியாதையாகப் பைலட் சார் என்று கூப்பிட்டாலும். சின்ன வயதில் பட்டறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வருகிற லாரிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். பாதி தப்பாக இருக்கும். மீதி சரியாக இருப்பதைப் பார்த்து அப்பன் தெருவெல்லாம் பீற்றிக்கொள்வார். படித்தான், ராணுவத்தில் சேர்ந்தான், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டான். முதல் விடுமுறையில் வந்தபோது மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான்.

"விமானம் போற வழி நேரா இருக்கும்க்கா. இது அப்படி இல்ல. நாலு பக்கமும் தள்ளும். ரெண்டு கை, ரெண்டு கால், நாலும் வேற வேற வேலை செய்யணும். கண்ணு இன்னொரு வேலை. உங்க தையல் மாதிரிதான்."

"எங்க மெஷின் கீழ விழாதுடா," என்றேன்.

"அதான் உங்களுக்குப் பயம் இல்ல," என்று சிரித்தான்.

ஒரு பெருவெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களையெல்லாம் தூக்கிவந்தான். ஒரு கிழவி தன் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்க, முதலில் ஆடு, அப்புறம் கிழவி. அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. ஆட்டின் முகம் தெளிவாகவும் இவன் முகம் மங்கலாகவும் இருந்ததில் அண்ணிக்கு ரொம்ப நாள் வருத்தம். பிறகு எல்லையில் சண்டை மூண்டது. மலைமேல் இருந்த காவல் சாவடிகளுக்குப் போகும்போது ரொட்டியும் தோட்டாவும் ஏற்றிப் போவான். வரும்போது அடிபட்டவர்களை ஏற்றி வருவான். வண்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு குண்டு வருமாம். திரும்பி வந்ததும் வண்டியின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டுமாம். எதைக் கழுவுவது என்று அவன் சொன்னதில்லை. ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதை அப்பன் பட்டறையில், ஸ்பானர்கள் தொங்குகிற ஆணி வரிசையில் தொங்கவிட்டார். "எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்" என்று வேலைக்காரர்களிடம் கண்டிப்பு வேறு.

பிறகு சின்னவளின் புருஷனான நெட்டையனை அவன்தான் விடுமுறைக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தான். தன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற இளையவன் என்று அறிமுகப்படுத்தினான். பெற்றவர்கள் இல்லாத பிள்ளை. மாடிப்படி ஏறும்போது நிலையில் மடார் என்று தலையை இடித்துக்கொண்டான். சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அவன் வேண்டுமென்றே இடித்துக்கொள்கிறானோ என்று எனக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டான். அடுத்த விடுமுறையில் கல்யாணம்.

"ஒரே வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகாதீங்கடா," என்றார் மெக்கானிக் அப்போதே. "மேல சொல்லி ஆளை மாத்திக்கோ."

சின்னவள் கேட்கவில்லை. "இல்லப்பா. யாரோ முன்ன பின்ன தெரியாதவங்ககூட போறதுக்கு அண்ணன்கூடப் போகட்டும். எனக்கு அதுதான் நிம்மதி. அண்ணா, நீ கேட்டு வாங்கி அவரை உன் வண்டியிலயே வச்சுக்கோ."

"என் தங்கச்சி வாயால கேட்டு நான் எதை இல்லன்னிருக்கேன்?" என்றான் பைலட். வைத்துக்கொண்டான்.

வண்டி விழுந்த பிறகு வீடு நின்றுபோகவில்லை. சீருடைகள் போயின. மழை வந்தது, மழைக்குப் பிறகு எலும்பைத் துளைக்கிற குளிர் வந்தது. ஆஸ்பத்திரித் திரைச்சீலை, மேஜை விரிப்பு, யாரோ ஒரு பெண்ணின் கல்யாண உடுப்பு என்று எதையாவது தைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியின் பாபினில் நூல் தீர்ந்தால் மற்றவள் சுற்றிக் கொடுப்பாள். ஒருத்தி சாப்பிடவில்லை என்றால் மற்றவளும் தட்டை நகர்த்திவிடுவாள். அதற்குப் பயந்தே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஒரே கட்டிலில் படுத்தார்கள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஈருடல் ஓருயிராக இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துக்கம் இரண்டு பேருக்கும் ஒரே அளவாக இருந்தவரைக்கும் அது நடந்தது.

சண்டை நின்றது. பிடிபட்டவர்களை மாற்றிக்கொள்ளப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதே அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை மாடிக்கே வந்து, நான் எழுந்துகொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு தகவல் வந்திருக்கு. அங்க இருந்து விடுதலையாகி வந்த ஒரு சிப்பாய் சொன்னது. அந்த ஹெலிகாப்டர் ஆளுங்கள்ல ஒருத்தர் உயிரோட இருக்கார்."

"யாரு?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"தெரியலம்மா. அவர் நேர்ல பாக்கல, கேள்விப்பட்டதுதான். ஒருத்தர்னு மட்டும்தான் சொன்னார்."

"ஒருத்தர்னா இன்னொருத்தர்?" என்றார் மெக்கானிக்.

அதிகாரி கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். அண்ணி சின்னவளுக்குத் தலை வாரிவிட்டாள், சின்னவள் அண்ணியின் துணியைத் துவைத்துப் போட்டாள். எல்லாம் முன்பைவிட அதிகமாகவே நடந்தது. ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பது நின்றுவிட்டது. கட்டிலில் ஒருத்தி, தரையில் ஒருத்தி என்று ஆனது. கேட்டால் முதுகு வலி என்றாள் அண்ணி.

ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"யாரு வந்தாலும் நம்ம வீட்டு ஆளுதானே? அப்படித்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன்."

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. பொய் சொல்லாதீங்க. நான் என்ன வேண்டிக்கிறேன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன வேண்டிக்கிறீங்கன்னும் தெரியும். அதுல தப்பில்ல. ஆனா அவர் வரணும்னு நான் ஒவ்வொரு தடவை வேண்டும்போதும் என் அண்ணனைத்தானே சாகச் சொல்றேன்? கூடப் பொறந்தவனை. என்னைத் தோள்ல தூக்கித் திரிஞ்சவனை."

"நான் மட்டும்? உன் புருஷனைத்தானே..." அண்ணியால் முடிக்க முடியவில்லை.

"அதான் சொல்றேன். நாம ஒருத்தரை ஒருத்தர் பாக்காம இருக்கிறதே நல்லது."

மெக்கானிக் கீழே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பார். நான் வீட்டுக்குக் கிளம்பி இறங்கியபோது, டயரின்மேல் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்னார்: "இருதலைக் கொள்ளி எறும்புன்னு சொல்லுவாங்க. கதைன்னு நினைச்சேன். மகன் வந்தா மகளுக்குப் போச்சு. மருமகன் வந்தா... நான் வேண்டிக்கிறதையே விட்டுட்டேன்மா."

அதிகாரி மூன்றாவது முறை வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூட ஒரு பெண் அதிகாரியும் வந்திருந்தார், புதியவர். அவர்தான் முதலில் படியேறி வந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மெஷின்களுக்கு நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு முகம் தெரியாது. அதனால் சிரித்த முகமாகவே கேட்டுவிட்டார்:

"இதுல பைலட்டோட மனைவி யாரு?"

கேட்ட பிறகுதான், பின்னால் வந்த பழைய அதிகாரி அவர் முழங்கையைப் பிடித்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சின்னவள்தான் எழுந்தாள். "இவங்கதான்," என்று கை காட்டினாள். "அண்ணி, எழுந்திரிங்க. அண்ணன் வர்றான். குளிர்ல வருவான், கம்பளிச் சட்டை பெட்டியில இருக்கு. எடுத்து வெளிய வைங்க." பெட்டியை அவளே திறந்தாள், சட்டையை அவளே எடுத்தாள். எடுத்த சட்டையை உதறிக்கொண்டே இருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, மழையோடு மழையாக எதிர் வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அண்ணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. புருஷன் உயிரோடு வருகிறான் என்று ஒரு பெண் சந்தோஷப்படுவதற்கு அந்த வீட்டில் அந்த இடம்தான் இருந்தது.

பைலட் வந்தான். ஜீப்பிலிருந்து இறங்கியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. முன்பற்கள் இல்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டும் போல இருந்தான். தெரு முழுக்கக் கூடி நின்றும் யாரும் கைதட்டவில்லை. ஒரு வீட்டில் வரவும் இழவும் ஒன்றாக நுழைந்தால் தெரு என்ன செய்யும்?

மெக்கானிக் மகனைக் கட்டிக்கொண்டார். "வந்துட்டியாடா" என்றார். மகனின் கண் அப்பாவின் தோளுக்கு மேலே மாடிப்படியைப் பார்த்தது. சின்னவள் இறங்கி வரவில்லை. மேலே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

பெற்ற மனம் பித்து என்பார்கள். மெக்கானிக் மகனுக்குத் தன் கையால் ரொட்டி பிய்த்துக் கொடுத்தார், முட்டை உரித்துக் கொடுத்தார். அவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தலையணைக்கு அடியில் வைப்பான். கதவைச் சாத்தினால் எழுந்து வந்து திறந்துவைப்பான். சின்னவள் அவனுக்கு வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள், துணியைத் துவைத்து மடித்து வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவன் அறைக்குள் வந்தால் அவள் வெளியே போவாள். அண்ணி சிரிப்பை மறந்தாள். புருஷனோடு பேசுவதைக்கூடக் குசுகுசுவென்று பேசினாள், ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல.

குளிர் குறைய ஆரம்பித்த ஒரு நாள் பிற்பகல், அவன் மாடிக்கு வந்தபோது சின்னவள் வெளியே போகவில்லை.

"உக்காரு," என்றாள். அவன் துணி மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்தான். நான் எழுந்தேன். "நீங்க இருங்கக்கா," என்றாள். அண்ணி வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து கத்தரியை எடுக்கவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு. ஆபீசருங்ககிட்ட சொன்ன மாதிரி வேணாம்."

அவன் நீட்டிய காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"மலைமேல ஒரு சாவடியில அடிபட்டவங்க கிடந்தாங்க. முதல் தடவை போயி பாதிப் பேரைக் கொண்டுவந்துட்டோம். பனி இறங்கிக்கிட்டிருந்துச்சு. போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. மாப்ள என்னைப் பாத்து, 'மச்சான், நாளைக்கு அவங்க இருக்க மாட்டாங்க'ன்னான். அது நிஜம். எனக்கும் தெரியும். கேட்டு அனுமதி வாங்கிக்கிட்டுப் போனோம். இறங்கறதுக்குள்ள வால்பக்கம் அடிச்சுட்டாங்க. வால்ல இருக்கிற விசிறி போயிட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது, சுத்த ஆரம்பிச்சிடும். சுத்திக்கிட்டே அந்தப் பக்கத்துப் பள்ளத்துல விழுந்தோம்."

"அப்புறம்?"

"என் கால் உள்ள சிக்கிக்கிச்சு. மாப்ளைக்கும் நல்ல அடி. ரெண்டு பேராலயும் நடக்க முடியல. வந்து பிடிச்சுட்டாங்க."

"வண்டி எரிஞ்சு போச்சுன்னாங்களே?"

"எரிஞ்சுது. அதுக்குள்ள மாப்ள என்னை இழுத்துப் போட்டுட்டான். ஓடை வரைக்கும் முதுகுல தூக்கிக்கிட்டு..."

அவன் நிறுத்திக்கொண்டான். சின்னவள் அவனையே பார்த்தாள்.

"நடக்க முடியாதவர் உன்னை முதுகுல தூக்கினாரா?"

கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணியைப் பார்த்தான். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போலும். "சொல்லிடுங்க," என்றாள் மெல்ல. "அவ கேக்கறா. மறைச்சு வச்சு நாம என்ன செய்யப்போறோம்?"

"அவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல," என்றான் பைலட். "ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறிட்டா நம்ம ஆளுங்க. தனியா ஓடியிருந்தா தப்பிச்சிருப்பான். ஓடுடான்னு சொன்னேன். கெட்ட வார்த்தையில திட்டினேன். கல்லை எடுத்து எறிஞ்சேன். போகல."

"ஏன்?"

"தெரியல."

"உனக்குத் தெரியும். ஏன் போகல?"

"வேணாம்மா, விட்டுடு."

"அண்ணா, ஏன் போகல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "'உன் தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கா மச்சான். அண்ணனை விட்டுட்டு வந்தா வீட்டுப் படி ஏறாதீங்கன்னு. உன்னை இங்க போட்டுட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிக்கறது?' அப்படின்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான்."

சின்னவள் எங்களிடமல்ல, மெஷினிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "விளையாட்டுக்குச் சொன்னேன். பஸ் ஏறும்போது. விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

அண்ணி அவளைப் பிடிக்கப் போனாள். சின்னவள் கையைத் தட்டிவிட்டாள். "மீதியையும் சொல்லு."

"ஒரு பழைய குடோன். சிமென்ட் தரை. ஜன்னல் கிடையாது. என் காலை அவன்தான் பலகை வச்சுக் கட்டினான். தனித்தனியாக் கூட்டிட்டுப் போயி கேள்வி கேப்பாங்க, எங்கருந்து கிளம்பினீங்க, இன்னும் எத்தனை வண்டி இருக்குன்னு. பல்லு அங்கதான் போச்சு. அவன் திரும்பி வந்தா பேசாம சுவரைப் பாத்துப் படுத்துப்பான். கொஞ்ச நேரம்தான். அப்புறம், 'எழுந்திரு மச்சான், வண்டியைக் கிளப்பணும்'னுவான்."

"எந்த வண்டியை?"

"வாயாலதான். அவன் ஒவ்வொரு சுவிட்சாப் பேரைச் சொல்வான், நான் சரி சரின்னு சொல்லிக்கிட்டே வரணும். ஒன்னை விட்டுட்டாலும் மறுபடி முதல்லேருந்து. எஞ்சினை ஏத்தி, கிளம்பி, ஆத்தைத் தாண்டி நம்ம தெரு வரைக்கும் வருவோம். பட்டறை வாசல்ல இறக்குவான். 'மாமா, லாரியைத் தள்ளி நிறுத்துங்க'ன்னு கத்துவான். காவல்காரனுங்க பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சாங்க. அப்புறம் மாடி ஏறுவான். தலையை இடிச்சுக்குவான். நீ சிரிப்பே. அதோட நிறுத்திடுவோம். அதுக்கு மேல போனா தாங்காது."

இரும்புச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மெக்கானிக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"குளிர் வந்ததும் அவனுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. அப்புறம் ஜுரம். கத்தினேன், கெஞ்சினேன், கால்ல விழுந்தேன். ஒரு வயசான காவல்காரன் தன்னோட போர்வையைக் கொண்டுவந்து குடுத்தான். அவனால ஆனது அவ்வளவுதான். ஜுரத்துலயும் வண்டியைக் கிளப்பாம இருக்க மாட்டான். ஒரு நாள் கிளம்பிட்டோம். ஆத்துக்கு மேல வரும்போது, 'மச்சான், நீ பிடி. எனக்குக் கண்ணைச் சொருகுது'ன்னான். நான் பிடிச்சேன். பேசிக்கிட்டே ஓட்டிக்கிட்டு வந்தேன். ஆறு போச்சு, பாலம் போச்சு, பள்ளிக்கூடம் போச்சு. 'தெரு வந்திடுச்சுடா, இறக்கட்டுமா?'ன்னு கேட்டேன்."

அவனால் அதற்குமேல் முடியவில்லை.

"லாரியைத் தள்ளி நிறுத்தியிருப்பேனே," என்றார் மெக்கானிக். "நடுத்தெருவுல நின்னாலும் தள்ளி நிறுத்தியிருப்பேனே." கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சின்னவள் அழவில்லை. "நீயும் நான் சொன்னதைத்தான் செஞ்ச, அவரும் நான் சொன்னதைத்தான் செஞ்சாரு," என்றாள். "உன்னைக் கூட்டிட்டு வந்திட்டாரு. என்னை விட்டுட்டாரு."

பிறகு அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அண்ணி கரண்டி கரண்டியாகச் சூப் ஊட்டினாள். எழுந்து உட்கார்ந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டித் தீர்ப்பதற்கு அவளுக்கு யாரும் மிச்சமில்லை.

பைலட்டை மருத்துவர்கள் சோதித்து, இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது என்றார்கள். புதிய பையன்களுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்றார்கள். வகுப்பில் நின்று சுவிட்சுகளின் பெயரை வரிசையாகச் சொல்ல வேண்டிய வேலை. அவன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்தான். அவனுக்கு லாரி எஞ்சின் போதும்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் சொன்னாள்: "வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில தையல்காரி வேணுமாம். படுக்கை விரிப்பு, நோயாளிங்க உடுப்பெல்லாம் தைக்கணும். தங்க அறை தர்றாங்க. நான் போறேன்."

"எதுக்கும்மா?" என்றார் மெக்கானிக். "இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒன்னும் இல்லப்பா. அண்ணி எனக்குப் பயந்துகிட்டு அவங்க புருஷன்கூடச் சிரிச்சுப் பேசவே மாட்டேங்கறாங்க. நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் சிரிக்கப்போறதில்ல. எனக்கும் இவனைப் பாக்கும்போதெல்லாம் பக்கத்துல ஒரு ஆள் இல்லாதது தெரியுது."

"நாங்க போயிடறோம்," என்றாள் அண்ணி அழுதுகொண்டே. "நீ இரு. இது நீ பொறந்த வீடு."

"இந்த மாடிப்படி இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியாது அண்ணி. புரிஞ்சுக்கோங்க."

பைலட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவள் போனாள். வசந்தம் வந்து, வெயில் வந்து, மறுபடியும் சீருடைக் காலம் வந்தது. மாதம் ஒருமுறை பைலட் அவளைப் பார்க்கப் போனான். போய் வந்தவனிடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்கா" என்பான். ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டிய அறை. சலவைச் சோடா வாடையும் ஈரத் துணியின் வெக்கையும். சின்னவள் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அண்ணன் வாசலிலேயே நின்றான். "வந்து உக்காரு," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, அவன் வாய்க்குத் தோதாக நன்றாக மசித்து, மேலே வெண்ணெய் வைத்துக் கொடுத்தாள். எனக்கு முழுசாகவே வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அண்ணிக்கு மூன்றாவது மாதம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவள் எழுந்துபோய், அலமாரியிலிருந்து மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "அண்ணிகிட்ட குடுங்க. குழந்தைக்கு உறுத்தாது. நாலைஞ்சு சட்டைக்கு வரும். நானே தச்சுக் குடுக்கலாம்னா..." சொல்லிக்கொண்டே திரும்பி ஜன்னல் பக்கம் போனாள். "கையே வர மாட்டேங்குது அக்கா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பைலட் எழுந்தான். தட்டைக் கழுவி வைத்தான். வாசலில் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான். குட்டைக் காலுக்கு மாட்டுவது அவனுக்கு எப்போதும் சிரமம். அவள் குனிந்து வாரை இழுத்துவிட்டாள்.

"அடுத்த மாசம் வருவியா?"

"நீ வான்னா வர்றேன்."

"நீ வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு எனக்குத் தூக்கம் வர்றதில்ல. வராதேன்னு சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்." செருப்பு வாரைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. "வா. வராம இருந்திடாதே."

அவன் தலையை ஆட்டினான். நாங்கள் சலவைத் துணிகள் காய்கிற கொடிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து ரோட்டுக்கு வந்தோம். பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஊரெல்லை தாண்டுகிறவரை பொறுத்திருந்துவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். நான் மடியிலிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.